பார்சல் பரோட்டாவுக்கு எவ்வளவு நேரம் நடக்கணும்? வீட்டிலேயே கணக்குப் போடலாம்

10 அல்லது அதற்கு மேல் கிளைகள் வைத்திருக்கும் உணவகங்கள் மெனுவில் கலோரியைப் போட வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. தெருமுனை பரோட்டாக் கடைக்கு அது பொருந்தாது. அங்கே வாங்கும் பார்சலில் எத்தனை கலோரி, அதைச் செலவழிக்க எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்ற கணக்கை நாம்தான் போட வேண்டும். தேவையானது ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு, ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு டீஸ்பூன்.

1. எடை போடுங்கள்

காலித் தட்டைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, பரோட்டாவை மட்டும் வையுங்கள். பிரியாணி என்றால் சாப்பிட்டு முடித்ததும் எலும்பை எடை போட்டுக் கழிக்க வேண்டும். பலரும் இதை மறந்துவிடுவார்கள். சட்னி, சாம்பார், சால்னா தனித்தனி.

2. கலோரியாக மாற்றுங்கள்

100 கிராமுக்குத் தோராயமாக: வெறும் சோறு 130, இட்லி 140, சிக்கன் பிரியாணி 180, பரோட்டா 330. பரோட்டா ஏன் இவ்வளவு? சுமார் 60 கிராம் மைதாவில் 210 கலோரி. பிசையும்போதும் வீசும்போதும் கல்லில் போடும்போதும் சேரும் எண்ணெய் 10 கிராம் என்றாலே 90. ஆக 90 கிராம் பரோட்டா ஒன்று ஏறக்குறைய 300.

3. சால்னாவில் எண்ணெயைப் பிரித்தெடுங்கள்

கணக்கு பெரும்பாலும் தப்புவது இங்கேதான். சால்னாவை உயரமான டம்ளரில் ஊற்றிப் பத்து நிமிடம் அசைக்காமல் விடுங்கள். மேலே மிதக்கும் எண்ணெயை டீஸ்பூனால் வழித்தெடுத்து எண்ணுங்கள். மட்டமாக நிறைந்த ஒரு டீஸ்பூன் 5 மில்லி, அதாவது 40 கலோரிக்குச் சற்று மேல். அவசரப்பட்டு வழித்தால் மசாலாவும் கூடவே வந்து அளவைக் கெடுக்கும். எண்ணெய் எடுத்த சால்னா 150 மில்லிக்கு 90 என்று வைத்துக்கொள்ளலாம். தேங்காய் தூக்கலாக இருந்தால் கூடும்.

4. உங்கள் ஒரு நிமிட நடை எவ்வளவு?

மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பதன் உழைப்பு அளவு சுமார் 3.5 மெட். சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட், அதாவது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்குச் சுமார் 1 கலோரி. உட்கார்ந்திருந்தாலும் அந்த 1 செலவாகத்தான் செய்யும் என்பதால் அதைக் கழித்துவிடுங்கள். மீதி 2.5ஐ உடல் எடையால் பெருக்கி 60ஆல் வகுத்தால் நிமிடக் கணக்கு வரும். 65 கிலோ ஆளுக்கு 2.7 கலோரி.

கழிக்காமல் போட்டால் 3.8 வரும், மனசுக்கு இதமாக இருக்கும், ஆனால் தப்பு. கைக்கடிகாரத்திலும் மொத்தக் கலோரியை விட்டுவிட்டு, உழைப்பில் செலவானதைத் தனியாகக் காட்டும் எண்ணைப் பாருங்கள். டிரெட்மில்லில் எடையைப் பதியாவிட்டால் அது யாரோ ஒருவரின் எடைக்குக் கணக்குச் சொல்லும்.

5. வகுத்துப் பாருங்கள்

இரண்டு பரோட்டா 600, சால்னா 90, மிதந்த எண்ணெய் இரண்டு டீஸ்பூன் 80. மொத்தம் 770. 2.7ஆல் வகுத்தால் 285 நிமிடம், அதாவது நாலே முக்கால் மணி நேரம். மணிக்கு 8 கிலோமீட்டர் ஓட்டம் என்றால் இதே ஆளுக்கு நிமிடத்துக்குச் சுமார் 7.9, ஒன்றரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல் ஓட வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் அவ்வளவு நேரம் ஓட முடியாது, முயலவும் வேண்டாம்.

எலும்பு போக 450 கிராம் பிரியாணி 810 கலோரி, ஐந்து மணி நேர நடை. நாலு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி எல்லாம் சேர்ந்து 400 பக்கம் வரும். அதுவே இரண்டரை மணி நேரம். இட்லிதானே என்று சட்னியை அள்ளி ஊற்றுபவர்கள் அதையும் எடை போடட்டும்.

வழித்த அந்த இரண்டு டீஸ்பூன் எண்ணெயைக் கீழே கொட்டிவிட்டாலே 30 நிமிட நடை மிச்சம். ஒரு பரோட்டாவைக் குறைத்தால் 111 நிமிடம்.

இந்த எண்கள் 20 சதவீதம் முன்பின் போகலாம். ஒவ்வொரு கடையின் கைப்பக்குவமும் வேறு. எனவே ஒரே கடைப் பார்சலை வெவ்வேறு நாளில் மூன்று முறை எடை போட்டுச் சராசரி எடுத்து, ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை தராசை எடுக்க வேண்டியதில்லை.