மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா: ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஸ்போர்ட்டியான கார் வாங்கப் போகிறேன் என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும், சுற்றி இருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். மேனுவல் இல்லாததெல்லாம் ஒரு ஸ்போர்ட்ஸ் காரா என்பது ஒரு கட்சி. பந்தயக் கார்களே பேடிலுக்கு (ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் இழுத்து கியர் மாற்றும் சின்னத் தகடு) மாறிப் பல வருஷம் ஆச்சு என்பது இன்னொன்று. இரண்டு பேருமே பொத்தாம்பொதுவாகத்தான் பேசுகிறார்கள். வாங்குகிறவருக்குக் கிடைக்கப் போவதோ ஒரு குறிப்பிட்ட காரில், ஒரு குறிப்பிட்ட இன்ஜினோடு சேர்த்துப் பூட்டிய ஒரு குறிப்பிட்ட கியர்பாக்ஸ். இதை மறப்பதால்தான் தவறுகளில் பாதி நடக்கின்றன.

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்று என்று நினைப்பது

கிளட்ச் பெடல் இல்லை என்பதைத் தவிர ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து இயந்திரங்களை நாம் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் கூப்பிடுகிறோம்.

ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்சையும் லிவரையும் நமக்குப் பதிலாக ஒரு சின்ன மோட்டாரோ ஹைட்ராலிக் அமைப்போ இயக்குகிறது. ஒவ்வொரு கியருக்கும் இழுவை ஒரு கணம் விட்டுப்போகும், தலை முன்னால் ஆடும். பந்தயத்திலும் இதே யோசனைதான்: 1989இல் ஃபார்முலா 1 வீரர் நைஜல் மான்செல் ஃபெராரி 640ஐ ஓட்டி பிரேசில் பந்தயத்தை வென்றபோது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில் இருந்தது. அந்த யோசனை 1997இல் ஃபெராரியின் எஃப்355 எஃப்1 வழியாகச் சாலைக்கு வந்தது. அதிலும் ஒற்றை கிளட்ச்தான். பழைய சூப்பர் கார்களின் பேடில் கியர்பாக்ஸைத் தொட்டுப் பார்த்தவர்கள் அதன் உதறலை மறக்க மாட்டார்கள். இன்றைக்கு ஸ்போர்ட்டி என்று சொல்லி ஏ.எம்.டி. விற்றால் தாராளமாகக் கடந்து போகலாம்.

சி.வி.டி.யில் கியரே கிடையாது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ரெவ், அதாவது இன்ஜின் சுழலும் வேகம், மேலே போய் அங்கேயே நிற்கும், வேகம் அதைத் துரத்திக்கொண்டு வரும். போலி கியர் வைத்துச் சமாளிக்கிறார்கள். நகரத்துக்கு நல்ல சமாச்சாரம்தான், ஆனால் உற்சாகமாக ஓட்ட ஆசைப்படுகிறவருக்குச் சரிவராது.

மிச்சம் இருப்பவை இரண்டு: இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், இரண்டு கிளட்ச் உள்ள டூயல் கிளட்ச். உண்மையான தேர்வு இங்கேதான். இந்த இடத்தில்தான் பலர் பழைய தகவலை வைத்து முடிவெடுக்கிறார்கள். டார்க் கன்வெர்ட்டர் என்றால் மந்தம், டூயல் கிளட்ச் என்றால் மின்னல் என்ற கணக்கு ஒரு காலத்தில் சரியாக இருந்தது. 2009இல் இசட்.எஃப். நிறுவனத்தின் 8 கியர் பெட்டி வந்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. வண்டி நகர்ந்ததும் கன்வெர்ட்டர் சீக்கிரமே இன்ஜினோடு நேரடியாகப் பூட்டிக்கொள்வதால், பழைய ஆட்டோமேட்டிக்கின் இழுபறி அதில் தெரியாது. முந்தைய தலைமுறை எம்5 காரில் 7 கியர் டூயல் கிளட்ச் வைத்திருந்த பி.எம்.டபிள்யூ., 2017இல் வந்த எம்5க்கு டார்க் கன்வெர்ட்டருக்கே திரும்பிவிட்டது.

டூயல் கிளட்ச் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அதன் பலமும் பலவீனமும் சேர்ந்தே புரியும். ஒற்றைப்படை கியர்கள் ஒரு கிளட்சில், இரட்டைப்படை கியர்கள் இன்னொன்றில். 3இல் போய்க்கொண்டிருக்கும்போதே 4 தயாராகக் காத்திருக்கும். மாற்றும்போது ஒரு கிளட்ச் விடும், அதே கணம் மற்றது பிடிக்கும், இழுவை அறுபடாது. 2003இல் ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் ஆர்32 காரில் வந்தபோது இது அதிசயமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அடுத்த கியர் எது என்பதைக் கணினி முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். நீங்கள் வேகமெடுக்கிறீர்கள், அது 4ஐத் தயாராக வைக்கிறது. திடீரென்று பிரேக் அடித்து 2 கேட்டால் அது தன் முடிவை மாற்றிக்கொள்ள வேண்டும். 6இலிருந்து நேராக 4 வேண்டும் என்றால் இரண்டும் ஒரே கிளட்சைச் சேர்ந்தவை, அதனால் அந்தச் சட்டென்ற கைமாற்றம் அங்கே முடியாது. நெடுஞ்சாலையில் முந்தப் போகும்போது சிலர் உணரும் அந்த ஒரு கணத் தயக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அப்புறம் டூயல் கிளட்சிலேயே உலர்ந்தது, எண்ணெயில் நனைந்தது என்று இரண்டு வகை. உலர்ந்த கிளட்ச் இலகுவானது, எரிபொருளையும் மிச்சப்படுத்தும். ஆனால் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது சூடு ஏறும். அடிக்கு அடி நகரும் போக்குவரத்தில், கணினி உங்களுக்குப் பதிலாக ஹாஃப் கிளட்ச் போட்டுக்கொண்டே இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். மேட்டில் பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால், எந்த வகை டூயல் கிளட்சுக்கும் அது எமன். நிஜமான ஸ்போர்ட்ஸ் மாடல்களில், டார்க் (முறுக்குவிசை) அதிகம் என்பதால், பெரும்பாலும் நனைந்த வகைதான் இருக்கும். விசாரித்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

0-100 நொடிக் கணக்கை வைத்து முடிவெடுப்பது

போர்ஷே 911 ஜி.டி.3யின் 992 தலைமுறையில், நிறுவனமே சொல்லும் கணக்குப்படி 0-100 கி.மீ. எட்ட டூயல் கிளட்சுக்கு 3.4 நொடி, மேனுவலுக்கு 3.9 நொடி. அரை நொடி வித்தியாசம். வேகம்தான் எல்லாம் என்றால் அந்த மேனுவலை யாரும் சீண்டியிருக்கவே கூடாது. நடந்ததோ வேறு. 2013இல் ஜி.டி.3யை மேனுவல் இல்லாமல் விற்ற அதே நிறுவனம், 2016இல் 911 ஆர் என்று மேனுவலில் மட்டும் ஒரு காரைக் கொண்டுவந்தது, 2017இல் ஜி.டி.3க்கும் மேனுவலைத் திரும்பக் கொடுத்தது. 2019இல் ஆட்டோமேட்டிக்கில் மட்டும் வந்த டொயோட்டா ஜி.ஆர். சுப்ராவுக்கும் 2022இல் மேனுவல் சேர்ந்தது.

ஆட்டோமேட்டிக்தான் எப்போதும் வேகம் என்பதும் உண்மையில்லை. டொயோட்டா ஜி.ஆர்.86 எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியக் கணக்கில் மேனுவல் 6.3 நொடி, ஆட்டோமேட்டிக் 6.9. டர்போ இல்லாத, ரெவ்வில்தான் உயிர் பெறும் இன்ஜின் அது. அந்த இன்ஜினுக்கு அந்த ஆட்டோமேட்டிக் பொருத்தமான ஜோடி இல்லை, அவ்வளவுதான்.

அந்த நொடிக் கணக்கு எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சக்கரம் வழுக்காமல் கணினியே கிளப்பிவிடும் லாஞ்ச் கன்ட்ரோல் போட்டு, நல்ல பிடிப்புள்ள தளத்தில், நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் கிளம்பி எடுத்தது. சாலையில் உங்களுக்கு வேண்டியது வேறு: 60இலிருந்து 100, 80இலிருந்து 120. அங்கே மேனுவல்காரர் எந்தக் கியரில் இருக்கிறார், ஆட்டோமேட்டிக் எவ்வளவு சட்டென்று கியரை இறக்குகிறது என்பதுதான் பேச்சு.

இரண்டு பதிப்பும் ஒரே கார் என்று நம்புவது

விவரப் பட்டியலில் மேனுவலையும் ஆட்டோமேட்டிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். பி.எம்.டபிள்யூ.வின் ஜி80 தலைமுறை எம்3 வந்தபோது மேனுவலில் 480 குதிரைத்திறன், 550 நியூட்டன் மீட்டர் டார்க். ஆட்டோமேட்டிக்கான காம்பெடிஷன் பதிப்பில் 510, 650. நான்கு சக்கர இழுவை வேண்டுமென்றால் ஆட்டோமேட்டிக் மட்டுமே. அங்கே நீங்கள் தேர்ந்தெடுப்பது கியர்பாக்ஸை மட்டுமில்லை, இன்ஜினின் குணத்தையும் எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதையும் சேர்த்துத்தான். வேறு கார்களில், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் ஒரு பதிப்புக்கு மட்டும் வரும், கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் ஃபைனல் டிரைவின் விகிதம் மாறும். இந்த வரிகளைத்தான் யாரும் படிப்பதில்லை.

மேனுவல் என்றாலே சுகம் என்று கனவு காண்பது

எனக்கு மேனுவல் பிடிக்கும். அதனாலேயே இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேனுவலின் சுகம் கியர் மாற்றும் தருணங்களில் இருக்கிறது. அந்தத் தருணங்கள் எத்தனை முறை வருகின்றன என்பது கியர்களின் நீளத்தைப் பொறுத்தது. போர்ஷே 718 கேமன் ஜி.டி.4 அருமையான கார், லிவர் கையில் வெண்ணெய் மாதிரி வழுக்கும். ஆனால் அதன் 2ஆம் கியரே மணிக்கு 130 கி.மீ.யைத் தாண்டிப் போகும். சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள் அந்த இன்ஜினை உச்சம் வரை பாட வைத்து ஒரு கியர் மாற்றினால், அத்தோடு கதை முடிந்தது. மாறாக ஜி.ஆர்.86 போலவோ மாஸ்டா எம்எக்ஸ்-5 போலவோ, திறன் குறைந்த, இலகுவான காரில் சாதாரண வேகத்திலேயே கைக்கும் காலுக்கும் வேலை இருந்துகொண்டே இருக்கும். காரின் திறன் கூடக் கூட, பொதுச் சாலையில் மேனுவலுக்கான நியாயம் குறைகிறது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் உண்டு.

அடுத்து, ஹீல் அண்ட் டோ, பிரேக் பிடித்துக்கொண்டே குலுங்காமல் கியரை இறக்கும் வித்தை. வளைவை நோக்கி 3இல் வருகிறீர்கள். வலது காலின் முன்பகுதி பிரேக்கில். இடது கால் கிளட்சை அமுக்குகிறது, கை லிவரை 2க்கு இழுக்கிறது, அதே நேரம் பிரேக்கின் அழுத்தம் மாறாமல் வலது பாதத்தின் ஓரத்தைச் சாய்த்து ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு. ரெவ் எழும்பி 2ஆம் கியருக்குத் தேவையான இடத்துக்கு வந்ததும் கிளட்சை விட்டால் வண்டி குலுங்காது. தட்டு தப்பினால் பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் பின்பக்கம் ஒரு கணம் இழுபடும், ஈரச் சாலையில் வயிற்றைக் கலக்கும். இதெல்லாம் பழக்கத்தில் வருவதுதான். ஆனால் பிரேக் பெடலும் ஆக்சிலரேட்டரும் சரியான இடைவெளியில் இல்லாத காரில் எத்தனை பழகினாலும் வராது. இன்று பல மேனுவல்களில் அந்தத் தட்டைக் கணினியே போட்டுவிடுகிறது. 2009 மாடல் நிசான் 370இசட்தான் அதைத் தொடங்கி வைத்தது. தானே செய்ய ஆசைப்படுகிறவர்கள், அந்த வசதியைத் தனியாக அணைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். சில கார்களில் அதற்காக மொத்தப் பாதுகாப்பு உதவிகளையும் சேர்த்து அணைக்கச் சொல்வார்கள்.

இன்னொரு கோளாறு ரெவ் தொங்குவது. 2இலிருந்து 3க்கு மாற்ற கிளட்சை அமுக்கிக் காலை எடுத்த பிறகும், முள் உடனே இறங்காமல் அங்கேயே நிற்கும். மாசுக் கட்டுப்பாட்டுக்காக இன்ஜினை அப்படி அமைப்பதாலும் இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலாலும் வருவது இது. விரைவாக மாற்றினால் குலுங்கும், காத்திருந்தால் தாளம் கெடும். பேப்பரில் எந்த வரியிலும் இது இருக்காது, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

டெஸ்ட் டிரைவை உல்லாசப் பயணமாக்குவது

காலியான நல்ல சாலையில் பத்து நிமிஷம் ஓட்டினால் எல்லா கியர்பாக்ஸும் நல்ல கியர்பாக்ஸ்தான். அதன் குணம் தெரிவது கஷ்டமான இடத்தில்.

ஆட்டோமேட்டிக் என்றால் மேட்டில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். குறுகிய இடத்தில் முன்னும் பின்னும் போட்டுத் திருப்புங்கள். டூயல் கிளட்சாக இருந்தால் அதன் சாயம் அங்கேதான் வெளுக்கும். வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது திடீரென்று ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள், தயக்கம் எவ்வளவு என்று தெரியும். பிறகு மேனுவல் மோடில் போட்டு, பாதுகாப்பான இடத்தில், 2ஆம் கியரில் ரெவ்வை உச்சத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கேயே பிடித்து வைக்கிறதா, கேட்காமலேயே 3க்குப் போகிறதா? பல கார்களில் மேனுவல் மோடு பெயருக்குத்தான் இருக்கும். இடது பேடிலை இழுத்ததும் இறங்குகிறதா, அல்லது யோசித்துவிட்டு இறங்குகிறதா? பேடில் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுற்றுகிறதா, நிலையாக இருக்கிறதா என்பதுகூட, வளைவு நிறைந்த சாலையில் ஓட்டுகிறவருக்கு முக்கியம்.

மேனுவல் என்றால் நெரிசலில் கால்மணி நேரமாவது ஓட்டுங்கள். கிளட்ச் எங்கே பிடிக்கிறது, அந்தப் புள்ளி காலுக்குத் தெளிவாகத் தெரிகிறதா, இடது காலை இளைப்பாற வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீயரிங் பக்கம் மாற்றி வடிவமைத்த சில கார்களில், பெடல்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி இடுப்பைத் திருப்பி உட்கார வைக்கும். ஒரு வாரம் கழித்து முதுகு சொல்லும்.

வீட்டில் அந்த வண்டியை வேறு யாரெல்லாம் ஓட்டுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுவதும் நல்லது. மறுவிற்பனை விலையைக் கணக்குப் போட்டு மேனுவல் வாங்குவது வீண் வேலை. ரசிகர்கள் துரத்தும் சில அபூர்வ மாடல்களுக்குத்தான் அது பலிக்கும்.

செகண்ட் ஹேண்டில் கியர்பாக்ஸைச் சோதிக்காமல் விடுவது

டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெய் ஆயுளுக்கும் போதும் என்று கார் நிறுவனங்கள் சொல்லும். கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப்., 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 வருஷத்துக்குள் மாற்றச் சொல்கிறது. எனக்கு இரண்டாவது தரப்பின் மேல்தான் நம்பிக்கை. ஃபோக்ஸ்வாகனின் டூயல் கிளட்ச்சான டி.எஸ்.ஜி.யில், நனைந்த 6 கியர் வகைக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மேனுவலில் முதல் சோதனை எளிது. உயர்ந்த கியரில், குறைந்த ரெவ்வில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். ரெவ் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. கிளட்ச் மாற்றும்போது, அதிர்வைக் குறைக்க இரண்டு துண்டாகச் செய்த டூயல் மாஸ் ஃப்ளைவீலையும் சேர்த்து மாற்ற வேண்டி வரலாம், பேரம் பேசும்போது அதையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டாவது சோதனையைப் பலர் செய்வதே இல்லை. 4க்குப் போட நினைத்து அவசரத்தில் 2ஐப் போட்டுவிட்டால், சக்கரங்கள் இன்ஜினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றும். ரெவ் எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டரால் எரிபொருளை மட்டும்தான் நிறுத்த முடியும், சக்கரத்தின் பலத்தை நிறுத்த முடியாது. வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும் அளவுக்குப் போகலாம். போகாவிட்டாலும் காயம் உள்ளே இருக்கும். போர்ஷே போன்ற கார்களின் இன்ஜின் கணினி இப்படிப்பட்ட மிகைச் சுழற்சிகளை, எத்தனை மணி நேர ஓட்டத்தின்போது நடந்தன என்பது உட்பட, பதிவு செய்து வைக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பதிவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிற விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.