"ஃப்ரீயா குடுத்துட்டு இப்போ எதுக்கு சார் காசு?"

பெங்களூரில் பிடிஎம் லேஅவுட், மடிவாளா பக்கம் தெருவுக்கு நாலு பிஜி, அதாவது வேலைக்கு வந்தவர்கள் மாத வாடகைக்குத் தங்குகிற பேயிங் கெஸ்ட் விடுதி, இருக்கும். அந்த ஓனர்களுக்காக வாடகைக் கணக்கு பார்க்கிற ஒரு சின்ன சாஃப்ட்வேரை நானும் நண்பனும் செய்தோம். சாஃப்ட்வேர் ஓரளவு தேறிவிட்டது, விலை விஷயத்தில்தான் செய்யாத தப்பு கிடையாது.

முதல் தப்பு, "இப்போதைக்கு ஃப்ரீ" என்று சொன்னது. எதுவரைக்கும் என்று நாங்களும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மடிவாளாவில் ஒருவர் எட்டு மாதம் பயன்படுத்தினார். ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டு ரசீதில் லோகோ பெரிதாக வேண்டும் என்பார், நாங்களும் கண் முழித்துச் செய்து கொடுப்போம். ஒன்பதாவது மாதம் 499 ரூபாய் என்றதும், தலைப்பில் இருக்கிற கேள்வியைக் கேட்டுவிட்டு பழைய நோட்டுக்கே போய்விட்டார். அவர் மேல் கோபப்பட என்ன இருக்கிறது, எட்டு மாதமாக இதன் விலை பூஜ்யம் என்று பழக்கியதே நாங்கள்தானே. ஃப்ரீ கொடுங்கள், முடிகிற தேதியை முதல் நாளே திரையில் போட்டுவிடுங்கள்.

ஃப்ரீ ஆள் எண்ணிக்கையைப் பார்த்துப் பூரித்துப்போவது அடுத்தது. நாற்பது பிஜி, ஒவ்வொன்றிலும் அறுபது பேர், ஆளுக்கு மாதம் மூன்று எஸ்எம்எஸ், ஒன்று 20 பைசா என்றே வையுங்கள், 1,440 ரூபாய் நம் கையிலிருந்து போகிறது. மற்றவர்களின் சாஃப்ட்வேரைத் தன் சர்வரில் ஓட்டிக் கொடுக்கிற ஹெரோக்கு மாதிரி பெரிய கம்பெனியே ஃப்ரீ பிளானைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களைச் சமாளித்து மாளவில்லை என்று சொல்லி 2022 நவம்பரில் அதை மூடிவிட்டது.

அப்புறம், ஃப்ரீயாக வாங்கியவர்களிடம் கருத்து கேட்டால் "சூப்பர் சார்" என்பார்கள், அதோடு சரி. அல்சூரில் ஒரு அக்கா மட்டும், "ட்ரையல் எல்லாம் வேணாம் தம்பி, ஆறு மாசக் காசை இப்பவே வாங்கிக்கோ, ஒண்ணாந்தேதி மெசேஜ் போகலைன்னா மட்டும் திட்டுவேன்" என்றார். சொன்ன மாதிரியே திட்டினார். பாதி வாடகை வாங்கினால் மீதியைத் தனியாகக் காட்டுவது, அட்வான்ஸ் கழிப்பது எல்லாம் அந்தத் திட்டில் வந்தவைதான்.

எதற்கு விலை என்பதிலும் கோட்டை விட்டோம். வெளிநாட்டு சாஃப்ட்வேர்களைப் பார்த்து லாகினுக்கு இவ்வளவு என்று வைத்தோம். ஓனர், மேனேஜர், சமையல்காரர் மூவரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைந்தார்கள், அதுவும் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தது! பிஜிக்காரர்கள் எதையும் பெட் கணக்கில்தான், அதாவது எத்தனை கட்டில் என்றுதான் யோசிப்பார்கள். பெட்டுக்கு இவ்வளவு என்று மாற்றியதும் பேரமே குறைந்துவிட்டது.

499 என்று போட்டுவிட்டு 18 சதவீத ஜிஎஸ்டியைக் கடைசித் திரையில் காட்டாதீர்கள், 588 ரூபாய் 82 பைசா என்று பார்த்ததும் ஏமாற்றுகிறான் என்றுதான் தோன்றும். மாதச் சந்தாவை ஆட்டோபேயில், அதாவது அவர்கள் கணக்கிலிருந்து தானாக எடுக்கிற மாதிரி வாங்கினால், ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அவர்களுக்குத் தகவல் போய்விடும், அதாவது நிறுத்திவிடலாமா என்று மாதாமாதம் நாமே ஞாபகப்படுத்துகிற மாதிரி. அதனால் வருடச் சந்தாவுக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்.

விலை ஏற்றும்போது முதலில் வந்தவர்களைத் தொடாதீர்கள். அல்சூர் அக்கா இன்றைக்கும் பழைய விலைதான் கொடுக்கிறார், அதைப் பக்கத்து பிஜிக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லியே எங்களுக்கு மூன்று பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்.