பிஎஸ்ஏ 441 விக்டர்: வண்டியைக் குறை சொல்லும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிரிட்டிஷ் ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள்களில் பிஎஸ்ஏ 441 விக்டர் ஸ்பெஷல் அளவுக்குக் கெட்ட பெயர் எடுத்தவை குறைவு. ஸ்டார்ட் ஆகாது, கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும், நிறுத்திய இடத்தில் ஆயில் ஒழுகும் என்பார்கள். இந்தக் குறைகளில் பெரும்பாலானவை வண்டியோடு பிறந்தவை அல்ல, நாம் செய்யும் சில தவறுகளால் வருபவை. இவ்வளவு அழகான வண்டி அந்தப் பெயரோடு கொட்டகையில் கிடப்பதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

முதல் தவறு, தோற்றத்தைப் பார்த்து அதை மோட்டோகிராஸ், அதாவது மேடு பள்ளமான மண் தடத்தில் தாவி ஓடும் பந்தய வண்டி என்று நம்பிவிடுவது. பர்மிங்காம் ஸ்மால் ஹீத்தில் இருந்த பிஎஸ்ஏ ஆலையின் பந்தய வண்டியில் ஜெஃப் ஸ்மித் 1964, 1965 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் 500 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றார். அந்தப் புகழை வைத்து 1965இல் பந்தயக்காரர்களுக்காக வந்தது விக்டர் கிராண்ட் பிரீ. 1966இல் எண்டியூரோ என்ற மாடல். அதன் பிறகு 1967 முதல் 1970 வரை, முக்கியமாக அமெரிக்கச் சந்தைக்காக, விக்டர் ஸ்பெஷல். பளபளக்கும் அலுமினிய டேங்க், அதில் மஞ்சள் பட்டை, மேலே தூக்கிக் கட்டிய சைலன்சர் எல்லாம் பந்தய வண்டியின் சாயல்தான். ஆனால் ஸ்பெஷல் லைட்டும் நம்பர் பிளேட்டும் மாட்டி ரோட்டில் ஓட்டச் செய்த வண்டி. அதன் சேசிஸ் கிராண்ட் பிரீயின் சேசிஸ் அல்ல. மேட்டில் ஏற்றித் தாவவிட்டால் தாங்காது. சரளைச் சாலை, காட்டுப் பாதை, வளைந்து போகும் கிராமத்து ரோடு ஆகியவற்றில் நிதானமாக விட்டுப் பாருங்கள், 79 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) உள்ள அந்த நீள் அடி என்ஜினின் இழுவை அங்கேதான் புரியும்.

வாங்கும்போது டேங்கைப் பார்த்து மயங்கக் கூடாது. அதே குடும்பத்தில் ஷூட்டிங் ஸ்டார் என்ற ரோடு வண்டி உண்டு, 250 சிசி பி25 உண்டு, ட்ரையம்ஃப் பெயரில் வந்த டிஆர்25டபிள்யூ உண்டு. எல்லாம் ஒரே வம்சம் என்பதால் பாகங்களை மாற்றிப் பூட்டி ஒன்றை இன்னொன்றாக்குவது எளிது. என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1969 மாடலிலிருந்து எண்ணுக்கு முன்னால் தயாரான மாதத்தையும் ஆண்டையும் குறிக்கும் இரண்டு எழுத்துகள் இருக்கும்.

இப்போது கிக்கருக்கு வருவோம். பலர் விக்டரைக் கைவிடுவது இங்கேதான். உடம்பு பலத்தை நம்பி மூச்சு வாங்க உதைத்துக்கொண்டே இருப்பது பெரிய தவறு. பெட்ரோல் குழாயைத் திறங்கள். என்ஜின் குளிர்ந்திருந்தால் அமல் கார்பரேட்டரில் உள்ள டிக்லர் என்ற சிறு பொத்தானைப் பெட்ரோல் கசியும்வரை அழுத்துங்கள். கிக்கரை மெல்ல அழுத்தி, கம்ப்ரஷன் இறுகும் இடத்தில் நிறுத்துங்கள். எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கிக் கம்ப்ரஷனை விடுவிக்கும், ஹாண்டில்பாரில் உள்ள வால்வு லிஃப்டரைப் பிடித்து, பிஸ்டன் உச்சியைத் தாண்டும் அளவுக்கு மட்டும் கிக்கரை நகர்த்தி, லிஃப்டரை விட்டுவிடுங்கள். கிக்கர் மேலே திரும்பிய பிறகு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், அடிவரை ஒரே உதை. பழைய புல்லட்டை டீகம்ப்ரஷன் லீவரோடு ஓட்டிய நம் ஊர்க்காரர்களுக்கு இது கைவந்த பழக்கம்தான்.

முறையாக உதைத்தும் திருப்பி அடித்தால் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தைச் சந்தேகப்படுங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. திறந்து மூடிப் பொறியை வரவைக்கும் பாயிண்டுக்குப் பின்னால் இரண்டு சிறு எடைகளும் ஸ்பிரிங்குகளும் கொண்ட தானியங்கி அட்வான்ஸ் அமைப்பு உண்டு. வேகம் கூடக்கூடத் தீப்பொறியை முன்னே தள்ளுவது அதன் வேலை. துரு பிடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ அது முன்னே தள்ளிய நிலையிலேயே மாட்டிக்கொண்டால், ஸ்டார்ட் செய்யும்போதே பொறி மிகச் சீக்கிரம் விழுந்துவிடும். பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் கலவை வெடித்துப் பின்னால் தள்ளும். கணுக்காலுக்கும் ஆபத்து, கிக்கர் பற்களுக்கும் ஆபத்து. பாயிண்ட் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. அட்வான்ஸ் எடைகளை விரலால் விரித்துப் பாருங்கள், தானாகச் சுருங்க வேண்டும். அதன் பிறகு, என்ஜின் ஓடும்போது முழு அட்வான்ஸில், பொறியோடு சேர்ந்து மின்னும் ஸ்ட்ரோப் லைட்டை அடித்து டைமிங்கை உறுதிசெய்யுங்கள். இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தாலே வண்டியின் குணம் மாறிவிடும்.

வால்வு லிஃப்டர் கேபிளை விறைப்பாகக் கட்டிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் நின்று, கம்ப்ரஷன் போய், நாளடைவில் வால்வே கருகும். கேபிளில் கொஞ்சம் தளர்வு இருந்தே ஆக வேண்டும்.

மின்சாரப் பகுதியில் இரண்டு தவறுகள் விலை அதிகம் பிடிப்பவை. பேட்டரியே இல்லாத எண்டியூரோவில் லூகாஸ் எனர்ஜி டிரான்ஸ்ஃபர் இக்னிஷன் இருக்கும். ஆல்டர்னேட்டரில் மின்துடிப்பு உச்சமாகும் அதே கணத்தில் பாயிண்ட் திறந்தால்தான் பொறி வலுவாக வரும். இதில் சாதாரண 12 வோல்ட் காயிலை மாட்டிவிட்டு, பொறி வரவில்லை என்று கார்பரேட்டரைக் கழற்றுகிறவர்கள் உண்டு. இரண்டாவது, 12 வோல்ட் வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். இன்றைய பழக்கத்தில் நெகட்டிவை எர்த்தாக்கிப் பேட்டரியை மாற்றி இணைத்தால் ரெக்டிஃபயரும், மிகை வோல்டேஜை அடக்கும் ஜீனர் டயோடும் போய்விடும். பேட்டரிக்குப் பதில் லூகாஸ் 2எம்சி கெப்பாசிட்டர் பொருத்தியிருந்தால் அதன் முனைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஜீனர் டயோடு சூட்டை வெளியேற்ற உலோகத் தட்டோடு ஒட்டி இருக்க வேண்டும், அழகுக்காக அதை எங்காவது ஒளித்துவைக்கக் கூடாது.

அமல் கான்சென்ட்ரிக் கார்பரேட்டரை என்ஜினோடு சேர்க்கும் இரண்டு நட்டுகளை பலம் கொண்டமட்டும் முறுக்காதீர்கள். அதன் உடம்பு மென்மையான உலோகம், வளைந்துவிடும். வளைந்தால் உள்ளே ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடு பிடித்துக்கொள்ளும், ஆக்சிலரேட்டரை விட்டாலும் வேகம் இறங்காது. ரோட்டில் அது உயிர் விஷயம்.

ஆயிலைப் பற்றி. விக்டரில் ஆயில் தனி டேங்கில் இருக்கும். வண்டி வாரக்கணக்கில் நின்றால் பம்ப் வழியாக மெல்ல இறங்கி என்ஜினின் அடியில் தேங்கும். டேங்கைப் பார்த்து ஆயில் குறைந்துவிட்டது என்று மேலும் ஊற்றுவது பலர் செய்யும் தவறு. ஸ்டார்ட் செய்ததும் எல்லாம் என்ஜினின் காற்றுக் குழாயான பிரீதர் வழியாக வெளியே கொட்டும், புகை கக்கும், சீல்கள் கசியும். நெடுநாள் நின்ற வண்டியில் அடித்தட்டைக் கழற்றித் தேங்கியதை வடித்துவிட்டுத் தொடங்குங்கள். அப்போதே உறிஞ்சுகுழாயின் முனையில் இருக்கும் சிறு குண்டை ஒரு கம்பியால் தட்டிப் பாருங்கள். அது ஆட வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் ஆயில் டேங்குக்குத் திரும்பாது. இந்த என்ஜினில் இருப்பது வெறும் கம்பிவலை வடிகட்டி, காகித ஃபில்டர் இல்லை. எனவே ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுவதே என் யோசனை. என்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயினுக்குத் தனி ஆயில். அதில் வழுக்கும் பொருள் கலந்த நவீன கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் நழுவும்.

கடைசியாக ஸ்பேனர். இந்த வண்டிகளில் பழைய பிரிட்டிஷ் மரைகளும் புதிய யூனிஃபைட் மரைகளும் கலந்து வரும், இரண்டும் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரை எடுத்தால் நட்டின் முனை மழுங்கும். ஒரு போல்ட் கையால் சுலபமாகச் சுற்றவில்லை என்றால் அது அந்த இடத்து போல்ட் இல்லை, அலுமினியத்தில் அதை வலிந்து ஏற்றாதீர்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உதிரி பாகங்கள் இன்னும் விற்கிறார்கள். பழையது ஒன்றைக் கழற்றி எறியும் முன், புதிதாக வந்ததைப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள்.