விலை குறைந்த எஸ்எஸ்டி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கணினியை வேகப்படுத்தச் செய்யும் செலவுகளில், ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகங்கள் இல்லாமல் சிப்களில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி பொருத்துவதற்கு இணையான பலன் தருவது வேறொன்றும் இல்லை. ஹார்டு டிஸ்க்கில் ஒவ்வொரு கோப்புத் துண்டையும் தேடி எடுக்க, தட்டு சுழன்று, படிக்கும் முனை உரிய இடத்துக்கு நகர்ந்து வருவதற்குப் பத்து மில்லி விநாடிக்கு மேலும் ஆகும். எஸ்எஸ்டியிலோ அது 0.1 மில்லி விநாடி அளவுதான். அதனால் மிக மலிவான எஸ்எஸ்டியைப் போட்டாலும் கணினி திறக்கும் நேரத்திலேயே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அப்படியிருந்தும் வாங்கியவர்களின் அனுபவங்களைப் பார்த்தால், ஒரே மாடலை ஒருவர் மனமாரப் பாராட்டுவதையும், இன்னொருவர் அது தம் பழைய ஹார்டு டிஸ்க்கை விடவும் மெதுவாகிவிட்டது என்று புகார் சொல்வதையும் காணலாம். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மையே. எஸ்எஸ்டி மலிவாக இருப்பதில் தவறில்லை. எதைக் குறைத்து அதை மலிவாக்கினார்கள் என்று தெரியாமல், அந்தக் குறை வெளிப்படும் வேலைக்கே அதை வாங்குவதுதான் தவறு.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து முடிவு செய்வதே மிகவும் பரவலான பிழை. விநாடிக்கு 550 எம்பி, 3,500 எம்பி என்று பெரிய எழுத்தில் இருக்கும் அந்த எண், பெரிய கோப்பொன்றை வரிசையாகப் படிக்கும் அல்லது எழுதும்போது எட்டக்கூடிய உச்ச வேகம் மட்டுமே. அந்த வேகம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைப் பெட்டி சொல்வதில்லை. நினைவகச் செல் ஒவ்வொன்றிலும் எத்தனை பிட் சேமிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் எழுதும் வேகமும் ஆயுளும் அமைகின்றன: எஸ்எல்சியில் ஒன்று, எம்எல்சியில் இரண்டு, டிஎல்சியில் மூன்று, க்யூஎல்சியில் நான்கு. பிட் கூடக் கூட ஒரு ஜிபிக்கு ஆகும் செலவு குறைகிறது. எழுதுவதற்கு ஆகும் நேரம் கூடுகிறது. இந்தத் தாமதத்தை மறைப்பதற்காக, காலியாக உள்ள செல்களில் ஒரு பகுதியைத் தற்காலிகமாக ஒரு பிட் மட்டும் எழுதும் முறையில் வைத்து, வரும் தரவை முதலில் அங்கே வாங்கிக்கொள்கிறார்கள். இதைத்தான் எஸ்எல்சி கேஷ் என்கிறோம். அது நிரம்பும் வரை பெட்டியில் போட்ட வேகம் கிடைக்கும். நிரம்பிய பிறகு செல்லின் உண்மையான வேகம் வெளியே தெரிந்துவிடும்.

2018இல் வெளிவந்த இன்டெல் 660பி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. க்யூஎல்சியைச் சாதாரண வாங்குநருக்குக் கொண்டுவந்த முதல் மாடல்களில் அதுவும் ஒன்று. அதன் 1 டிபி வகையில், டிரைவ் காலியாக இருக்கும்போது கேஷ் சுமார் 140 ஜிபி. டிரைவ் நிரம்ப நிரம்ப அது சுருங்கி, கடைசியில் 12 ஜிபி அளவுக்கு வந்துவிடும். கேஷ் தீர்ந்த பின் எழுதும் வேகம் விநாடிக்கு 100 எம்பி அளவுக்கு இறங்கும், அதாவது ஒரு சாதாரண ஹார்டு டிஸ்க்கின் வேகத்துக்கு. வாங்கிய முதல் வாரத்தில் பறந்த டிரைவ், முக்கால் பங்கு நிரம்பியதும் பெரிய வீடியோ கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது நடுவழியில் திணறுவதன் காரணம் இதுதான். பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவதால் பயனில்லை. எழுத்து வேலை, இணையம், கணக்கு மென்பொருள் போன்றவற்றுக்குக் கணினியைப் பயன்படுத்துபவர் 140 ஜிபியை ஒரே மூச்சில் எழுதப் போவதில்லை. அவருக்கு இந்தக் குறை தெரியவே வராது, ஆகவே அவர் தாராளமாக வாங்கலாம். தினமும் பெரிய வீடியோக்களைக் கையாள்பவர் அதே டிரைவை வாங்கினால் வருத்தம்தான் மிஞ்சும்.

வாங்கியவுடன், வேகத்தை அளக்கும் மென்பொருளான கிரிஸ்டல் டிஸ்க் மார்க்கை ஓட்டிப் பார்த்து, எண்கள் சரியாக வந்துவிட்டன என்று நிம்மதி அடைவதும் இதே வகைப் பிழை. அந்த மென்பொருள் இயல்பாக எடுத்துக்கொள்ளும் சோதனைக் கோப்பின் அளவு 1 ஜிபி மட்டுமே. அது கேஷுக்குள் அடங்கிவிடும். டிரைவின் உண்மை நிலையை அறிய வேண்டுமானால், ஐம்பது அறுபது ஜிபி கோப்புகளைத் தொடர்ந்து நகலெடுத்து, விண்டோஸ் காட்டும் வேக வரைபடம் எந்த இடத்தில் சரிகிறது என்று பார்க்க வேண்டும். நகலெடுக்கும் மூலமும் போதிய வேகம் கொண்டதாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

செலவைக் குறைக்க உற்பத்தியாளர்கள் கைவைக்கும் இன்னோர் இடம் டிராம், அதாவது டிரைவுக்குள் இருக்கும் வேகமான தற்காலிக நினைவகச் சிப். எந்தத் தரவு எந்தச் செல்லில் இருக்கிறது என்னும் வரைபடத்தை எஸ்எஸ்டி எப்போதும் கைவசம் வைத்திருக்க வேண்டும். அதற்காக 1 டிபிக்கு ஏறத்தாழ 1 ஜிபி டிராம் தேவைப்படும் என்பது பொதுக் கணக்கு. மலிவான டிரைவ்களில் அந்தச் சிப்பே இருக்காது. எஸ்எஸ்டி கணினியோடு இணையும் முறை இரண்டு: பழைய, வேகம் குறைந்த சாட்டா; புதிய, வேகம் கூடிய என்விஎம்இ. என்விஎம்இ வகையாக இருந்தால், கணினியின் ராமிலிருந்து சிறு பகுதியைக் கடன் வாங்கிக்கொள்ளும் ஹெச்எம்பி என்ற வசதி உண்டு. இது 2014இல் வந்த என்விஎம்இ 1.2 தர வரையறையில் சேர்ந்தது, விண்டோஸ் 10 அதை ஆதரிக்கிறது. சாட்டா வகைக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே டிராம் இல்லாத சாட்டா டிரைவும் டிராம் இல்லாத என்விஎம்இ டிரைவும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. பின்னது இயங்குதளத்துக்குப் பயன்படுத்தத் தாராளமாகப் போதும். முன்னதில் பல சிறு கோப்புகள் ஒரே நேரத்தில் எழுதப்படும்போது, எடுத்துக்காட்டாக விண்டோஸ் அப்டேட் ஓடும்போது, கணினி சில விநாடிகள் உறைந்து நிற்பதாகப் பலர் சொல்வது இதனால்தான்.

இவற்றையெல்லாம் அறிந்து, நல்ல விமர்சனம் படித்து வாங்கினாலும் ஏமாற இடமுண்டு. மாடலின் பெயரை மாற்றாமலேயே உள்ளிருக்கும் சிப்களை மாற்றிவிடும் பழக்கம் இந்தத் துறையில் நெடுநாளாக இருக்கிறது. கிங்ஸ்டன் வி300இல் வேகம் குறைந்த நினைவகத்துக்கு மாறியது 2014இல் வெளிப்பட்டது. 2021இல் குருஷியல் பி2 டிஎல்சியிலிருந்து க்யூஎல்சிக்கு மாறியது கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டு டபிள்யூடி ப்ளூ எஸ்என்550இன் புதிய வகையில், கேஷ் தீர்ந்த பின் எழுதும் வேகம் விநாடிக்கு 610 எம்பியிலிருந்து 390 எம்பியாகக் குறைந்திருந்தது. இவையெல்லாம் பெயர் பெற்ற நிறுவனங்கள்; பெயரே கேள்விப்படாத பிராண்டுகளில் ஒரே தொகுதிக்குள்ளேயே, டிரைவை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர் இருவேறாக வருவதும் உண்டு. வாங்குபவரை இவ்வளவு அலட்சியமாக நடத்துவது நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. இதற்கு முழுத் தீர்வு வாங்குபவர் கையில் இல்லை என்றாலும், மாடல் வெளிவந்த நாளில் எழுதிய விமர்சனத்தை மட்டும் நம்பாமல், கடந்த சில மாதங்களில் வாங்கியவர்கள் சொல்வதைப் படிப்பதும், பொருள் வந்தவுடன், திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள், மேலே சொன்ன நீண்ட சோதனையைச் செய்துவிடுவதும் கைகூடக் கூடியவை.

அடுத்து, பொருந்தாததை வாங்குவது. எம்.2 என்பது மதர்போர்டில் நேரடியாகச் செருகும் சிறு அட்டை வடிவத்தின் பெயர்தான், வேகத்தின் பெயரல்ல. 2280 என்றால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர், அவ்வளவே. அதே வடிவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். சில மதர்போர்டுகளில் உள்ள எம்.2 இடம் சாட்டாவை மட்டும் ஏற்கும், சில என்விஎம்இயை மட்டும் ஏற்கும், சில இரண்டையும் ஏற்கும். பொன்னிற முனையில் இரண்டு வெட்டு இருந்தால் சாட்டா, ஒன்று இருந்தால் என்விஎம்இ என்று பலர் சொல்லித் தருகிறார்கள். பெரும்பாலும் சரி என்றாலும், விலை குறைந்த சில என்விஎம்இ டிரைவ்களிலும் இரண்டு வெட்டு உண்டு என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. டிரைவ் உள்ளே சென்று கச்சிதமாகப் பொருந்திவிடும், திருகும் போட்டுவிடலாம், ஆனால் கணினி துவங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸில் ஒன்றுமே தெரியாது. மதர்போர்டு அல்லது லேப்டாப்பின் கையேட்டில் அந்த இடத்துக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதுதான் ஒரே வழி. சில மதர்போர்டுகளில் எம்.2 இடத்தில் டிரைவ் போட்டவுடன் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் செயலிழந்துவிடும் என்பதும் அந்தக் கையேட்டில்தான் இருக்கும். பழைய ஹார்டு டிஸ்க் திடீரென்று காணாமல் போய்விட்டது என்று பதறுபவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

மிகப் பழைய கணினிக்கு விலை கூடிய டிரைவ் வாங்குவது வீண். சாட்டா 2 போர்ட் உள்ள கணினியில் விநாடிக்கு 300 எம்பிக்கு மேல் எந்த எஸ்எஸ்டியும் தர முடியாது. 2014க்கு முந்தைய மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றில், அடாப்டர் அட்டை போட்டு என்விஎம்இ டிரைவைப் பொருத்தினாலும் அதிலிருந்து இயங்குதளம் துவங்காது. அத்தகைய கணினிக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிதான் ஏற்றது. டெஸ்க்டாப்பாக இருந்தால் டேட்டா கேபிள் பெட்டியில் பெரும்பாலும் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கொள்ளளவில் கஞ்சத்தனம் காட்டுவதும் கூடாது. 240 ஜிபி என்று வாங்கியதை விண்டோஸ் 223 என்றும், 1 டிபியை 931 என்றும் காட்டுவது மோசடி அல்ல. இரு தரப்பும் கணக்கிடும் முறை வேறு. ஆனால் 120 ஜிபியில் இயங்குதளமும் அப்டேட்டுகளும் போக மிஞ்சுவது மிகக் குறைவு. நிரம்பி வழியும் எஸ்எஸ்டியில் கேஷும் சுருங்கும், உள்ளே பழைய தரவை ஒதுக்கிச் சீர்படுத்தவும் இடமிருக்காது. ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விட முடிகிற அளவைப் பார்த்து வாங்குவதே நல்லது. இதற்கு நேர்மாறாக, நம்ப முடியாத மலிவு விலைக்கு 16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி என்று விற்பதைத் தொடவே வேண்டாம். அவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது யூஎஸ்பி சர்க்யூட்டில் செருகிய ஒன்றிரண்டு மைக்ரோ எஸ்டி கார்டுகளைத்தான். டிரைவுக்குள்ளேயே இருக்கும் இயக்க மென்பொருளான ஃபர்ம்வேர் கணினியிடம் பொய்யான கொள்ளளவைச் சொல்லும். உண்மை அளவைத் தாண்டியதும் எழுதுவதெல்லாம் அழியும். சந்தேகம் வந்தால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 மென்பொருளைக் கொண்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சரிபார்க்கலாம்.

பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே நகலெடுத்துக் குளோன் செய்பவர்கள் இரண்டைக் கவனித்தால் போதும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயக்கத்தில் இருந்தால் ரெகவரி கீயை முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். குளோன் முடிந்து முதன்முறை துவக்கும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடக் கூடும். சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்த்து டீஃப்ராக் செய்யும் தனி மென்பொருள்கள் எஸ்எஸ்டிக்கு வேண்டியதில்லை, தேவையற்ற எழுத்துதான் கூடும். எந்தத் தரவு இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளையை விண்டோஸே குறித்த கால இடைவெளியில் அனுப்பிக்கொள்ளும்.

ஆயுளைப் பற்றிய அச்சம் பலரிடம் அளவுக்கு மீறி இருக்கிறது. எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்று பயந்து, ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலை நிறுத்துவது, பிரவுசர் கேஷை வேறிடம் மாற்றுவது போன்றவற்றைச் செய்கிறார்கள். மலிவான 240 ஜிபி டிரைவ் ஒன்றுக்கு 80 டிபிடபிள்யூ, அதாவது 80 டெரா பைட் எழுதும் வரை உத்தரவாதம் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் அது தீர 4,000 நாள், அதாவது சுமார் பதினொரு ஆண்டு ஆகும். செல் தேய்ந்து இறக்கும் எஸ்எஸ்டிகள் வீட்டுப் பயன்பாட்டில் அரிது. மலிவான டிரைவ்கள் சாவது பெரும்பாலும் கன்ட்ரோலராலும் ஃபர்ம்வேராலும்தான், அதுவும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல்.

ஃபைசன் நிறுவனத்தின் எஸ்11 கன்ட்ரோலரைப் பல பிராண்டுகள் தங்கள் மலிவான சாட்டா டிரைவ்களில் பயன்படுத்தின. அந்த டிரைவ்களில் ஒருநாள் கணினி துவங்காமல் போகும்; பயாஸைத் திறந்து பார்த்தால் பிராண்டின் பெயர் இருந்த இடத்தில் 'சாட்டாஃபர்ம் எஸ்11' என்ற பெயர் மட்டும் நிற்கும். ஃபர்ம்வேர் சிதைந்து, கன்ட்ரோலர் தன் அடிப்படை நிலைக்குத் திரும்பிவிட்டது என்பது அதன் பொருள். ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றி டிரைவை உயிர்ப்பிக்க முடிந்தாலும் அதிலிருந்த தரவு போய்விடும். ஹார்டு டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் சத்தம் போடும், மெதுவாகும், சில கோப்புகளையாவது காப்பாற்ற அவகாசம் தரும். எஸ்எஸ்டியில் அந்த அவகாசத்தை எதிர்பார்க்க முடியாது. டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருள் நேற்று வரை 98 விழுக்காடு ஆரோக்கியம் என்று காட்டியிருக்கலாம். அந்த எண் செல்லின் தேய்மானத்தைச் சொல்கிறதே தவிர, கன்ட்ரோலரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

ஆகவே விலை குறைந்த எஸ்எஸ்டியில் குடும்பப் புகைப்படங்களையும் அலுவல் ஆவணங்களையும் ஒரே பிரதியாக வைத்திருப்பதுதான், இதுவரை சொன்ன எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு. வேகம் குறைந்தால் எரிச்சலோடு போகும், இந்தத் தவறு நடந்தால் திரும்பக் கிடைக்காதவை போய்விடும். கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதை விற்றுவிடாமலும் உடனே ஃபார்மேட் செய்யாமலும், ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு வாரம் ஒருமுறை பேக்கப் எடுக்கப் பயன்படுத்தலாம். பேக்கப்புக்கென இன்னொரு மலிவான எஸ்எஸ்டியை வாங்கி இழுப்பறையில் போட்டு வைப்பது இதற்கு ஈடாகாது. எழுதும் ஆயுள் தீர்ந்த வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதுதான், இத்துறைக்குத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் வரையறை கேட்பது. புதிய டிரைவ் அதைவிட நெடுங்காலம் தாங்கும் என்றாலும், ஆண்டுக்கணக்கில் தொடாமல் வைக்கப் போகும் தரவுக்கு அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கே பொருத்தமானது. அதையும் சில மாதங்களுக்கு ஒருமுறை இணைத்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.