எஃப்.சி. சியோல் வரலாறு எழுதுகிறீர்களா? இந்த இடங்களில் சறுக்காதீர்கள்

2017 ஏப்ரல் 19, சியோல் உலகக் கோப்பை மைதானம். கொரிய எஃப்.ஏ. கோப்பையில் தென் கொரியக் கால்பந்து அணிகளான எஃப்.சி. சியோலும் எஃப்.சி. ஆன்யாங்கும் முதன்முறையாக மோதின. ஸ்கோரை மட்டும் பார்த்தால் சாதாரண ஆட்டம்தான். யூன் இல்-லோக் இரண்டு கோல் போட, சியோல் 2-0 என்று ஜெயித்தது. ஆனால் ஆன்யாங் ரசிகர்கள் நின்ற பக்கம் சிவப்புத் தீப்பொறிக் குச்சிகள் எரிந்தன, புகை மேலே கிளம்பியது. ஆன்யாங்கின் சட்டை நிறம் ஊதா. அப்புறம் எதற்குச் சிவப்பு?

அது அவர்களுடைய பழைய அணியின் நிறம். அந்தப் பழைய அணிதான் அன்றைக்கு எதிரே ஆடிக்கொண்டிருந்தது.

எஃப்.சி. சியோலைப் பற்றி எழுதுகிறவர்கள் செய்யும் பெரும்பாலான பிழைகள் இந்த முடிச்சைக் கவனிக்காததால் வருபவை. கொரியத் தொழில்முறை கால்பந்தில் அணியை வைத்திருக்கும் கம்பெனி, அணி ஆடும் ஊர், சட்டையில் இருக்கும் பெயர் மூன்றும் தனித்தனியாக மாறும். இன்றைய பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் 2004-இல் பாதை முடிந்துவிடும்.

முதல் சறுக்கல் அங்கேதான். ‘2004-இல் தொடங்கப்பட்ட அணி’ என்று எழுதிவிடுகிறார்கள். 2004 என்பது பெயர் மாறிய வருடம். அணி பிறந்தது 1983 டிசம்பரில், ‘லக்கி-கோல்ட்ஸ்டார் ஹ்வாங்சோ’ என்ற பெயரில். ஹ்வாங்சோ என்றால் காளை. லக்கி, கோல்ட்ஸ்டார் இரண்டின் முதல் எழுத்துகள்தான் நம் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் எல்ஜி. 1991-இல் காளை போய் ‘எல்ஜி சீட்டாஸ்’ ஆனது. இதிலும் ஒரு குட்டிப் பிழை உலவுகிறது: 1983-இல் லீக் தொடங்கியபோதே இந்த அணி இருந்தது என்பது. இல்லை. முதல் சீசனில் ஐந்து அணிகள், சாம்பியன் ஹல்லெலூயா. லக்கி-கோல்ட்ஸ்டார் 1984-இல்தான் வந்தது.

வந்த இரண்டாவது வருடமே, 1985-இல், பட்டம் வென்றது. அந்த சீசனில் லீக்கிலேயே அதிக கோல், அதிக அசிஸ்ட் இரண்டுமே ஒரே ஆள்: தாய்லாந்தின் பியாபோங். கொரிய லீக்கின் வெளிநாட்டு நட்சத்திரங்கள் என்றதும் எல்லோரும் பிற்காலத்தில் சியோலுக்கு ஆடிய மான்டினீக்ரோ வீரர் டெஜான் தம்யானோவிச்சிடம் போய்விடுகிறார்கள். 2012-இல் 31 கோல் போட்ட மனிதர், மறுப்பதற்கில்லை. ஆனாலும் பியாபோங்கை விட்டுவிட்டு எழுதும் வரலாறு எனக்கு அரைகுறையாகவே படுகிறது.

இனி சிக்கலான பகுதி. 1990-களின் முதல் பாதியில் எல்ஜி, இல்ஹ்வா, யூகாங் என மூன்று அணிகள் சியோலில் இருந்தன. கால்பந்து தலைநகரிலேயே முடங்கிக் கிடக்கக் கூடாது, மற்ற ஊர்களுக்கும் பரவ வேண்டும் என்று சொல்லி 1996-இல் மூன்றையும் வெளியே அனுப்பினார்கள். இல்ஹ்வா சோனானுக்குப் போனது, யூகாங் பூச்சோனுக்கு. எல்ஜிக்குக் கிடைத்தது சியோலுக்குத் தெற்கே, கியோங்கி மாகாணத்தில் இருக்கும் ஆன்யாங். (படம் தேடும்போது கவனம்: சீனாவின் ஹெனான் மாகாணத்திலும் ஓர் ஆன்யாங் உண்டு. பழைய ஷாங் வம்சத் தலைநகரின் தொல்பொருள் படத்தைக் கால்பந்துக் கட்டுரையில் போட்டால் சிரிப்பார்கள்.)

2002 உலகக் கோப்பை முடிந்தது. சியோலின் பிரம்மாண்ட மைதானத்துக்கு நிரந்தரமாக ஆட ஓர் அணி இல்லை. 2004 பிப்ரவரியில் எல்ஜி ஆன்யாங்கைக் காலி செய்துகொண்டு சியோலுக்கு வந்து எஃப்.சி. சியோல் ஆனது. ஆன்யாங் ரசிகர்களிடம் மிச்சமிருந்தது சிவப்புச் சட்டைகள் மட்டும்.

இந்த நகர்வை எந்தச் சொல்லால் குறிப்பது என்பதிலேயே சண்டை இருக்கிறது. சியோல் தரப்பு ‘திரும்பி வந்தோம்’ என்கிறது. ஆன்யாங் தரப்பு ‘விட்டுவிட்டு ஓடினார்கள்’ என்கிறது. ஒரு தரப்பின் சொல்லை மட்டும் எடுத்துப் போட்டு, அதுவே வரலாறு என்று நகர்ந்துவிடாதீர்கள். இரண்டு சொல்லையும் கொடுங்கள், கூடவே வருடங்களையும் எண்ணிக் காட்டுங்கள். அணி முதலில் இருந்தது சுங்சோங் பகுதியில். சியோலுக்கு வந்தது 1990-இல்; 1995 வரை ஆறு சீசன். ஆன்யாங்கில் 1996 முதல் 2003 வரை எட்டு சீசன். அரசு சொல்லித்தான் வெளியேறினார்கள் என்பது உண்மை. திரும்பி வந்ததாகச் சொல்லும் வீட்டில் இருந்ததைவிட விட்டுப்போன வீட்டில் அதிக நாள் இருந்தார்கள் என்பதும் உண்மை.

அடுத்தது கோப்பைக் கணக்கு. இதில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். 2000-ஆம் வருட சாம்பியன் ‘ஆன்யாங் எல்ஜி’ என்று பார்த்ததும், அட்டவணையில் எஃப்.சி. ஆன்யாங்குக்கு நேரே ஒரு கோப்பை வரைந்துவிட்டேன். எஃப்.சி. ஆன்யாங் 2013-இல் நகரவாசிகளின் அணியாகப் புதிதாகத் தொடங்கியது. 2000-இல் அது இல்லவே இல்லை. அந்தப் பட்டம் எஃப்.சி. சியோல் கணக்கில்தான் சேரும்: 1985, 1990, 2000, 2010, 2012, 2016, மொத்தம் ஆறு. இவற்றில் சியோல் என்ற பெயரில் வென்றவை கடைசி மூன்று. கோப்பை கொண்டாடிய தெருக்கள் ஓர் ஊரில், கோப்பை வேறோர் ஊரில். இதை ஒரு வரியாவது சொல்லாமல் ‘ஆறு முறை சாம்பியன்’ என்று மட்டும் எழுதினால் எண் சரி, கதை கோணல்.

பக்கத்து ஊரான சுவோனின் சாம்சங் அணியுடனான ‘சூப்பர் மேட்ச்’ பகையை 2004-இலிருந்து தொடங்குவதும் இதே வகைதான். அதன் வேர் ஆன்யாங்கில். இரண்டு ஊருக்கும் இடையே இருக்கும் ஜிஜிதே மேட்டின் பெயரால் அதை ‘ஜிஜிதே டெர்பி’ என்றார்கள். ஆன்யாங்கின் செல்லப்பிள்ளை சோ ஜங்-வோன் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஆடிவிட்டு 1999-இல் நாடு திரும்பியபோது சேர்ந்தது சுவோனில். ஆன்யாங் ரசிகர்கள் அவர் சட்டையைக் கொளுத்தினார்கள். இரண்டு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளின் போட்டி என்பதும் சேர்ந்துகொள்ள, பிறகு கேட்கவா வேண்டும்.

சில்லறைப் பிழைகள் சில. 2013 ஆசிய சாம்பியன்ஸ் லீக் இறுதியில் சியோல் சீனாவின் குவாங்சோவிடம் ‘தோற்றது’ என்பார்கள். சியோலில் 2-2, குவாங்சோவில் 1-1. இரண்டுமே டிரா, கோப்பை போனது வெளியூர் கோல் விதியால் (மொத்த கோல் சமமானால், எதிரணி மைதானத்தில் அதிக கோல் போட்டவருக்கே கோப்பை). 2016 பட்டத்தைப் பற்றி எழுதும்போது, போட்டி அணியான ஜொன்புக்கின் ஸ்கவுட் (வீரர்களைத் தேடுபவர்) ஒருவர் நடுவர்களுக்குப் பணம் கொடுத்த விவகாரத்தில் அந்த அணிக்கு 9 புள்ளி வெட்டப்பட்டதை மறைக்காதீர்கள். கடைசி நாளில் அவர்கள் மைதானத்திலேயே பார்க் சூ-யங் கோல் போட்டு 1-0 என வென்றதையும் குறைக்காதீர்கள். சியோல் இ-லேண்ட் என்பது வேறு அணி. கொரிய முதல் டிவிஷனுக்கு ‘கே லீக் 1’ என்ற பெயர் 2018-இலிருந்துதான்.

ஆன்யாங் 2024-இல் இரண்டாம் டிவிஷனை வென்று மேலே வந்தது. 2025 பிப்ரவரியில் சியோலில் 1-2 எனத் தோற்றது. ஆகஸ்ட் 31-இல் அதே மைதானத்தில் 2-1 என ஜெயித்தது. அதை ‘சியோலுக்கு எதிராக ஆன்யாங்கின் முதல் வெற்றி’ என்று தாராளமாக எழுதலாம். எந்த ஆன்யாங் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.