மரத்தின் நடுப்புள்ளியைப் பதிவது எப்படி: டோட்டல் ஸ்டேஷனில் ஆப்செட் முறைகள்

சாலை அகலப்படுத்தும் வேலைக்கு டோட்டல் ஸ்டேஷனால் (கோணத்தையும் தொலைவையும் சேர்த்து அளக்கும் கருவி) சர்வே செய்யும்போது ஓரத்துப் புளியமரங்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருக்கும். வரைபடத்தில் மரத்தின் இடம் என்பது அடிமரத்தின் நடுப்புள்ளி. அங்கே பிரிசம் (கருவியின் ஒளிக்கதிரைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) பொருத்திய கோலை நிறுத்த வழியில்லை. பட்டையை ஒட்டிப் பிரிசத்தை வைத்து அளந்துவிட்டு நகர்ந்தால், ஒவ்வொரு மரமும் தன் ஆரத்தின் அளவுக்குக் கருவியை நோக்கித் தள்ளிப் பதிவாகும். சுற்றளவு 2.20 மீட்டர் உள்ள மரத்துக்கு அந்தப் பிசகு 35 செ.மீ. 1:500 வரைபடத்தில் அது 0.7 மி.மீ.; கண்ணுக்கே தெரியும். சாலையின் விளிம்புக் கோடு மரத்தில் படுகிறதா, விலகிப் போகிறதா என்று பார்க்கும் இடத்தில், நூறாண்டு மரம் ஒன்று நிற்பதும் விழுவதும் இந்த 35 செ.மீட்டரில் இருக்கிறது.

முதலில் சுற்றளவு

தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றுங்கள். நிலம் சரிவாக இருந்தால் மேட்டுப் பக்கத்துத் தரையிலிருந்து உயரத்தைக் கணக்கிடுங்கள். கொடி படர்ந்திருந்தால் விலக்கிவிட்டு, டேப் பட்டையில் ஒட்டியிருக்கிறதா என்று பின்பக்கமும் போய்ப் பாருங்கள். பின்னால் டேப் சரிந்து இறங்கியிருப்பது அடிக்கடி நடக்கும். சுற்றளவை 6.28 ஆல் வகுத்தால் ஆரம் வரும்: 2.20 ÷ 6.28 = 0.35.

பனை, தென்னைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். வயதான புளியில் பொருந்தாது. அடிமரம் வரிவரியாகப் புடைத்து, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அப்படிப்பட்ட மரத்தில், பார்வைக் கோட்டின் போக்கில் முன்னும் பின்னும் இரண்டு கோல்களைச் செங்குத்தாகத் தொட்டு நிறுத்தி, இடைவெளியைப் பக்கவாட்டில் டேப்பால் அளந்து பாதியாக்குங்கள். கூடுதலாக இரண்டு நிமிடம் ஆகும், ஆனால் கிடைப்பது உண்மையான அளவு.

முறை 1: முன்பக்கம் அளந்து ஆரத்தைக் கூட்டுவது

மெல்லிய, நடுத்தர மரங்களுக்கு இதுவே வேகமானது. தொலைநோக்கியில் அடிமரத்தின் இடது விளிம்பையும் வலது விளிம்பையும் பார்த்து, கிடைக்கோணங்களின் நடுவில் கருவியை நிறுத்துங்கள். கோல் பிடிப்பவரை அந்தக் கோட்டுக்குள் வரச் சொல்லுங்கள். அவராகவே "நடு" என்று நினைத்து நிற்கும் இடம் பெரும்பாலும் 5, 10 செ.மீ. தள்ளித்தான் இருக்கும்.

அடுத்தது கோலின் கால். வேர் புடைத்த மரத்தில் கோலின் முனை பட்டையைத் தொடாது. முனையை வேர் மேல் ஏற்றிச் சாய்க்காதீர்கள். நீர்க்குமிழி நடுவில் நிற்கும்படி வேருக்கு வெளியே நிறுத்துங்கள். பிறகு 1.37 மீட்டர் உயரத்தில் கோலின் நடுவிலிருந்து பட்டை வரை உள்ள இடைவெளியைக் கிடைமட்டமாக அளங்கள். இடைவெளி 0.08, ஆரம் 0.35 என்றால் ஆப்செட் (அளந்த புள்ளியிலிருந்து நடுப்புள்ளி வரை உள்ள விலகல்) 0.43. இதைக் கிடைத்தொலைவில் கூட்ட வேண்டும். சாய்தொலைவில் (கருவியிலிருந்து பிரிசம் வரை நேராக உள்ள தூரம்) கூட்டினால் செங்குத்தான பார்வையில் தவறும்.

முறை 2: பக்கத்தில் நிறுத்திக் கோணத்தைத் திருப்புவது

தடித்த மரங்களுக்கு என் தேர்வு இதுதான், ஏனெனில் ஆரமே தேவையில்லை. கோலை மரத்தின் பக்கவாட்டில், நடுப்புள்ளி இருக்கும் அதே தொலைவில் நிறுத்தி அளங்கள். பிறகு கருவியின் கோண ஆப்செட் வசதியில், இரு விளிம்புகளின் நடுவுக்குக் கிடைக்கோணத்தை மட்டும் திருப்பிப் பதியுங்கள். செங்குத்துக் கோணத்தைப் பூட்டி வைக்கும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தரைமட்டம் கெடலாம்.

பிசகு எங்கே வரும்? கோல் 10 செ.மீ. முன்னால் நின்றால் மரமும் 10 செ.மீ. முன்னால் வரும். இன்னொன்று, கோலை வெகுதூரம் பக்கவாட்டில் கொண்டுபோவது. 18 மீட்டர் தொலைவில் பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக 1 மீட்டர் தள்ளி நிறுத்தினால் பிழை 3 செ.மீட்டருக்குள் அடங்கும். 6 மீட்டரில் அதே 1 மீட்டர் 8 செ.மீட்டருக்கு மேல் ஆகிவிடும். கருவி மரத்துக்கு அருகில் இருந்தால் கோலும் மரத்தை ஒட்டியே நிற்கட்டும்.

முறை 3: உருளை ஆப்செட்

டாப்கான், லைக்கா போன்ற கருவிகளில் தூண், உருளை என்ற பெயரில் இந்த வசதி உண்டு. பிரிசம் இல்லாமல் லேசரால் பட்டையின் நடுவை அளந்து, இரு விளிம்புகளின் திசையையும் கொடுத்தால், ஆரத்தையும் நடுப்புள்ளியையும் அதுவே கணக்கிடும். டேப் ஆரம் 0.35, கருவியின் ஆரம் 0.47 என்று வந்தால், விளிம்பு என்று நீங்கள் பிடித்தது கிளையாகவோ கொடியாகவோ இருக்கும். மீண்டும் அளங்கள்.

ஜிபிஎஸ் ரோவருடன் அடர்ந்த மர நிழலில் போகாதீர்கள்

ரோவர் என்பது கையோடு கொண்டுபோகும் ஜிபிஎஸ் ஏற்பி. இலைக்கூட்டத்துக்கு அடியில் அதன் சிக்னல் மறையும், அடிமரத்தில் பட்டுச் சிதறும். "ஃபிக்ஸ்" (இடம் துல்லியமாகக் கிடைத்துவிட்டது) என்று திரையில் காட்டினாலும் அந்த இடத்தில் அதை நம்பாதீர்கள். வெட்டவெளியில் இரண்டு புள்ளிகளை எடுத்து, இரண்டிலிருந்தும் மரம் வரை டேப் போட்டு, ஆரத்தைக் கூட்டி, வட்டங்கள் வெட்டும் இடத்தைக் காணுங்கள். மரத்தில் அந்த இரு கோடுகளும் சந்திக்கும் கோணம் 90 பாகைக்குக் கிட்டத்தில் இருக்கட்டும். 30க்குக் குறைந்தால் டேப்பின் சிறு பிழையும் பெரிதாகும். வட்டங்கள் இரண்டு இடத்தில் வெட்டும் என்பதால், மரம் அந்த இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று அங்கேயே எழுதுங்கள்.

எழுதும் முறை

அளந்ததையும் கூட்டியதையும் தனித்தனியாக எழுதுங்கள். "எண் 47, புளி, சுற்றளவு 2.20, முன்பக்கம், ஆரம் 0.35, இடைவெளி 0.08" என்று இருந்தால் ஆபீசில் எதையும் திருத்தலாம். கூட்டிய தொகை மட்டும் இருந்தால் தவறு எங்கே நுழைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மரத்தில் பெயின்டால் எழுதிய எண்ணும் நோட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இடது, வலது என்பதைக் கருவிக்குப் பின்னால் நிற்பவரின் பார்வையிலேயே எப்போதும் சொல்லுங்கள். கோல் பிடிப்பவர் கருவியைப் பார்த்து நிற்பதால் அவருக்கு எல்லாம் மாறித் தெரியும்; 0.80 மீட்டர் ஆப்செட்டைத் தவறான பக்கம் போட்டால் பிழை 1.60 மீட்டர்.

1.37 மீட்டருக்குக் கீழே கவை பிரிந்தால் ஒவ்வொரு தண்டுக்கும் தனிச் சுற்றளவு எழுதுங்கள். சாய்ந்த மரத்துக்கு இடம் என்பது தரையில் அடிமரம் நிற்கும் இடம். எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்பதையும் குறியுங்கள். ஆலமரத்தில் மூலத்தண்டை ஒரு புள்ளியாகவும், தரை தொட்ட தடித்த விழுதுகளைத் தனிப் புள்ளிகளாகவும் எடுங்கள்.

சரிபார்ப்பு

இருபது மரத்துக்கு ஒருமுறை பேக்சைட்டை (கருவியின் திசையை அமைக்க முதலில் பார்த்த, இடம் தெரிந்த புள்ளி) திரும்பப் பாருங்கள். வரிசையில் சில மரங்களை அடுத்த ஸ்டேஷனிலிருந்து (கருவியை நிறுத்தும் அடுத்த இடம்), அதாவது எதிர்ப்பக்கத்திலிருந்து, மறுபடி எடுங்கள். இரண்டு நடுப்புள்ளிகளும் 5 செ.மீட்டருக்குள் ஒன்றினால் முறை சரி. மேலே சொன்ன புளியமரத்தில் அவை 70 செ.மீ. விலகி நின்றால், இரண்டு தடவையும் ஆரம் சேரவில்லை. 35 செ.மீ. விலகினால் ஏதோ ஒரு ஸ்டேஷனில் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அந்த ஸ்டேஷனில் எடுத்த மற்ற மரங்களையும் நோட்டில் தேடிப் பாருங்கள்.