எஸ்கியூலைட்டின் தனி நகல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஸ்கியூலைட் (SQLite) தரவுத்தள நிரலகம் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பு) முழுவதும், இரண்டு லட்சம் வரிகளைத் தாண்டிய ஒரே சி மொழிக் கோப்பாகவும் கிடைக்கிறது. பதிப்புரிமையும் துறக்கப்பட்டிருப்பதால், அதை இறக்கித் தம் திட்டத்துக்குள் தனி நகலாகப் போட்டுக்கொள்வோர் பலர். இதைத் தவறு என்று சொல்லமாட்டேன். அதை உருவாக்கியோரே இந்த ஒற்றைக் கோப்பைப் பயன்படுத்தத்தான் பரிந்துரைக்கின்றனர். போட்டபின் மறந்துவிடுவதில்தான் தொல்லை.

மிக மோசமானது, ஒரே செயல்முறைக்குள் (அதாவது, இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குள்) இரண்டு நகல்கள் புகுவதைக் கவனிக்காமல் விடுவது. முதன்மை நிரலிடம் தனி நகல் இருக்க, அது ஏற்றும் செருகுநிரலோ (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) இயங்குதளத்தின் நகலை இழுத்துக்கொண்டு வரும். ஒரே நேரத்தில் இருவர் எழுதிக் கோப்பைக் கெடுக்காமலிருக்க, லினக்ஸில் எஸ்கியூலைட் நம்பியிருக்கும் பாசிக்ஸ் (POSIX என்ற இயங்குதளத் தரநிலையின்) பூட்டுகள் செயல்முறைக்கு உரியவை. ஒரு கோப்பை இருமுறை திறந்து ஒன்றை மூடினாலே, அக்கோப்பின்மீது அச்செயல்முறை வைத்திருந்த பூட்டுகள் அனைத்தும் சத்தமின்றி விலகிவிடும். (இந்த விதியை வகுத்தவர்கள் என்ன நினைத்தார்களோ!) இதற்காகவே எஸ்கியூலைட், திறந்த கோப்புகளின் பட்டியலைப் பொது மாறியொன்றில் வைத்து, பூட்டு விலகும்வரை மூடுவதைத் தள்ளிப்போடுகிறது. நகல் இரண்டானால் பட்டியலும் இரண்டாகும். செருகுநிரல் எதையோ படித்துவிட்டு மூடும். பாதி எழுதிக்கொண்டிருக்கும் முதன்மை நிரலின் பூட்டு பறிபோகும். வேறொரு செயல்முறை உள்ளே நுழைந்து எழுத, கோப்பு சிதையும். அந்த நொடியில் பிழைச்செய்தி எதுவும் வராமல் போகலாம்.

நகலிலுள்ள சார்புகள், மாறிகளின் பெயர்களை வெளியே தெரியாமல் மறைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவது அடுத்த தவறு. அதனால் பெயர் மோதல் தீரும். பூட்டுச் சிக்கல் அப்படியே இருக்கும். ஒரு செயல்முறைக்குள் ஒரு தரவுத்தளக் கோப்பை ஒரே நகல்தான் தொட வேண்டும்.

பாதுகாப்புத் திருத்தங்களும் தாமாக வந்து சேரா. 2018 டிசம்பரில் சீன நிறுவனமான டென்சென்ட்டின் பிளேட் பாதுகாப்பு ஆய்வுக் குழு, எஸ்கியூலைட்டில் மஜெல்லன் என்ற பாதுகாப்பு ஓட்டையை அறிவித்தபோது, இயங்குதளத்தின் நிரலகத்தைப் புதுப்பித்தது தனி நகல்களுக்கு எவ்வகையிலும் உதவவில்லை. ஒவ்வொரு திட்டமும் தன் நகலைத் தானே மாற்ற வேண்டியிருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் கொள்கை, இப்படித் திட்டத்துக்குள் வைக்கும் நகல்களைத் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான். நகலுக்குள் கைவைத்துத் திருத்தியோருக்கு இந்த மாற்றம் இன்னும் கடினம்.

உங்கள் நிரலில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதை எஸ்கியூலைட்டின் கட்டளைவரிக் கருவியிடம் கேட்பதும் பயனற்றது; அது தன் பதிப்பையே சொல்லும். எஸ்கியூலைட்_வெர்ஷன் (sqlite_version()) என்ற சார்பை உங்கள் நிரலின் தரவுத்தள இணைப்பு வழியாகவே அழைத்துப் பார்க்க வேண்டும்.